நீளமுடி முயலுக்கு எந்த உலர்புல்? முடியெல்லாம் கூளம், புழுக்கை கோத்துக் கோத்து வருகிறது

பஞ்சுப்பொதி கேட்டது:

வணக்கம். என்னிடம் இரண்டு முயல்கள். ஒன்று இங்கிலீஷ் அங்கோரா, பெண், 14 மாதம், 3.2 கிலோ, முடி நீளம் இப்போது 8 செ.மீ. இன்னொன்று லயன்ஹெட் ஆண், 5 மாதம், 1.1 கிலோ. இரண்டும் இதுவரை தின்பது குதிரைமசால் உலர்புல், அதாவது அல்ஃபால்ஃபா. கூடவே பெல்லட் என்ற அழுத்திய தீவனக் குச்சி, பெரியதுக்கு ஒரு நாளைக்கு 120 கிராம், சின்னதுக்கு 50 கிராம். சுவரில் மாட்டிய கம்பித் தொட்டியில் புல்லைப் போடுகிறேன், எம்பித் தின்கின்றன.

அங்கோராவின் பிடரியிலும் முதுகிலும் பொடிக் கூளம் ஏறி, அதைச் சுற்றி முடி சிடுக்காகிறது. ஒரு வாரமாகப் புழுக்கைகள் இரண்டு மூன்றாக முடியில் கோத்து வருகின்றன. தீனி குறையவில்லை, துறுதுறுவென்றுதான் இருக்கிறது. பின்பக்க முடியில் மென்மையான புழுக்கை அப்பியிருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

மாற்றலாம் என்று பார்த்தால் திமோத்தி என்ற உலர்புல்லில் முதல் அறுப்பு, இரண்டாம் அறுப்பு, மூன்றாம் அறுப்பு என்று இருக்கிறது. ஆர்ச்சர்ட் புல், ஓட்ஸ் தாள், கலப்புப் புல்வெளிப் புல் என்றும் வருகிறது. நீளமுடி முயலுக்கு எதை எடுப்பது? முடி வளரப் புரதம் வேண்டும், அங்கோராவுக்குக் குதிரைமசாலை நிறுத்தக் கூடாது என்று விற்பவர் சொல்கிறார். அது சரியா?

புல்கட்டு எழுதியது:

முதலில் அந்தக் கோத்த புழுக்கையைப் பார்த்துவிடுவோம், புல் அப்புறம்.

முயல் தன்னை நக்கும்போதெல்லாம் முடியை விழுங்குகிறது. எந்த முயலின் இரைப்பையிலும் கொஞ்சம் முடி இருக்கும், அது நோய் இல்லை. நார் மிகுந்த புல்லும் தண்ணீரும் தொடர்ந்து உள்ளே போனால் முடி புழுக்கையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். நார் குறைந்து குடல் மந்தமாகி, இரைப்பையில் கிடப்பதில் ஈரமும் வற்றும்போதுதான் முடியும் தீவனமும் சேர்ந்து கெட்டி உருண்டையாகிறது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. அங்கோரா முடியோ மாதம் 2 முதல் 3 செ.மீ. வரை வளர்வது, ஒவ்வொரு இழையும் நீளம். சாதாரண முயல் விழுங்கும் குட்டை முடி புழுக்கைக்குள் அடங்கிவிடும், நீள இழை ஒரு புழுக்கையில் தொடங்கி அடுத்ததில் முடியும். மணி கோத்தது போல வருவது அதனால்தான்.

கோத்து வருகிறது என்றால் முடி இன்னும் நகர்கிறது. நார் போதவில்லை என்பதற்கும் அதுவே முதல் அறிகுறி. காய்ந்த புழுக்கை ஒன்றை விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். புல் நன்றாகத் தின்னும் முயலின் புழுக்கை வெளிர் பழுப்பாக, உருண்டையாக இருக்கும். மரத்தூள் போல உதிரும், உள்ளே பொன்னிறத் துணுக்குகள் தெரியும். நார் குறைந்தது கருத்துச் சிறுத்திருக்கும், நசுக்கினால் மெழுகு போல நசுங்கும். உங்களுடையது இரண்டாவது வகை என்றுதான் நினைக்கிறேன். 120 கிராம் பெல்லட் தின்றபின் 3.2 கிலோ முயலுக்குப் புல்லுக்கு வயிற்றில் இடமில்லை.

10, 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், அல்லது கூனிக்குறுகி உட்கார்ந்து பல்லை நறநறத்தால், காத்திருக்காதீர்கள். இரவானாலும் முயல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு உப்பி இறுகியிருந்தால் வீட்டில் எதையும் ஊட்டக் கூடாது. பப்பாளி மாத்திரையும் அன்னாசிச் சாறும் முடியைக் கரைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அவற்றின் நொதி முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கரைப்பதில்லை, சாற்றின் சர்க்கரை குடலைக் கெடுக்கிறது.

இப்போது புல். குதிரைமசால் புல் இனமே இல்லை, பயறு இனச் செடி. புரதம் 15 முதல் 20%, சுண்ணாம்புச் சத்து 1.2 முதல் 1.5% வரை. திமோத்தியில் புரதம் 7 முதல் 11%, சுண்ணாம்பு 0.4, 0.5% அளவு. வளரும் குட்டிக்குக் குதிரைமசால் பொருந்தும். வளர்ந்த முயல் தேவைக்கு மேற்பட்ட சுண்ணாம்பையும் உறிஞ்சிச் சிறுநீரில்தான் வெளியேற்றுகிறது. சிறுநீர் வெள்ளையாகக் குழம்பி, பின்முடி நனைந்து, தோல் வெந்துபோகும். புரதம் கூடினால் முயல் தானே தின்ன வேண்டிய மென்புழுக்கையைத் தின்னாமல் விட்டுவிடும். பின்பக்கத்தில் அப்புவது அதுதான். நீளமுடியில் இது ஆபத்து: அந்த நாற்றத்துக்கு ஈ வந்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அப்பியிருப்பதை அன்றன்றே எடுத்துவிடுங்கள், வால் சுற்றிலும் தொடை உட்புறத்திலும் முடியை 1 செ.மீ.க்கு வெட்டி வையுங்கள்.

அறுப்பைப் பற்றி, அதாவது ஒரே வயலை ஒரு பருவத்தில் எத்தனையாவது முறை அறுத்த புல் என்பது. முதல் அறுப்பில் தடித்த தாளும் கதிரும் அதிகம், இலை குறைவு, நார் மிக அதிகம். இரண்டாம் அறுப்பில் தாள் மெலிந்து இலை கூடும், கதிர் குறையும். மூன்றாம் அறுப்பு பூப்போல மெத்தென்று இருக்கும், நார் குறைவு, புரதம் சற்றுக் கூடுதல். முயல் ஆசையாகத் தின்னும், ஆனால் அதை மட்டுமே போட்டால் கடைவாய்ப் பற்களுக்கு அரைக்கும் வேலை குறைந்துவிடும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்கின்றன, முன்பற்கள் வாரத்துக்கு 2, 3 மி.மீ. அளவு. லயன்ஹெட் போன்ற குட்டை முக இனங்களில் பல் கோணும் சிக்கல் அதிகம் என்பதால் இதில் கவனம் தேவை.

உங்கள் அங்கோராவுக்கு என் தேர்வு இரண்டாம் அறுப்புத் திமோத்தி. பையில் கச்சா நார் அளவு போட்டிருந்தால் 28 முதல் 34%க்குள் இருப்பதை எடுங்கள். தாள் நீளம் 15 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். நறுக்கிய புல் வேண்டவே வேண்டாம். அது முயலின் வயிற்றுக்குப் போவதைவிட முடிக்குள் போவதுதான் அதிகம்.

சிடுக்குசீப்பு எழுதியது:

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். இங்கிலீஷ் அங்கோராவுக்கு நான் ஆர்ச்சர்ட் புல்லைத்தான் முன்னால் வைப்பேன். நாரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் கதிரில். திமோத்திக் கதிர் கம்பங்கதிரைச் சின்னதாக்கியது போல இருக்கும், காய்ந்ததும் லேசாக உரசினாலே எள்ளைவிடப் பொடியான மணிகளாக உதிரும். ஒவ்வொரு மணியின் நுனியிலும் இரண்டு குட்டி முட்கள். அடிமுடியின் மென்பஞ்சில் அது மாட்டிக்கொண்டால் சீப்பால் எடுக்க முடியாது, விரலால் ஒவ்வொன்றாகத்தான் பொறுக்க வேண்டும். இங்கிலீஷ் அங்கோராவுக்கு முகத்திலும் காதிலும்கூட முடி இருப்பதால் கண்ணோரம் வரை வந்துவிடும். ஆர்ச்சர்ட் பட்டையான, மெல்லிய இலை, உதிர்வது குறைவு. திமோத்திதான் கிடைக்கிறது என்றால் தொட்டியில் வைக்கும் முன் கதிர்களைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். வீணாக்க வேண்டாம், கையில் பிடித்து ஒவ்வொன்றாக நீட்டினால் முழுக் கதிரையும் தின்றுவிடும்.

எந்தப் பையை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பிடி புல்லை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் பத்து முறை உதறுங்கள். விழுந்ததில் நீளத் துணுக்கு அதிகமா, மாவு போன்ற தூசியா, மணியா என்று பாருங்கள். பிறகு அதே பிடியைப் பழைய கம்பளித் துணி ஒன்றில் நாலைந்து தடவை தேய்த்துவிட்டுத் துணியை உதறுங்கள். உதறியும் போகாமல் எது ஒட்டி நிற்கிறதோ அதுதான் நாளைக்கு உங்கள் முயலின் முடியிலும் நிற்கும். பையின் மேல் எழுதியிருப்பதைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

ஓட்ஸ் தாள் கடிக்க நல்லது, பல்லுக்கும் நல்லது. ஆனால் அதன் உமி உரிந்து பறக்கும். நாளுக்கு 10 கிராம், கையில் கொடுங்கள், தொட்டியில் போடாதீர்கள். கலப்புப் புல்வெளிப் புல் வாங்கினால் பிரித்துப் பார்க்காமல் போடவே கூடாது. நரிவால் புல், பார்லி போன்றவற்றின் கதிரில் கூரான சுணை உண்டு. பின்னோக்கிய முள் என்பதால் அது உள்நோக்கித்தான் நகரும். விரல் இடுக்கில், காதில், ஈறில் ஏறிச் சீழ் கட்டும். முடி மூடியிருப்பதால் வீங்கிய பிறகுதான் நமக்குத் தெரியும். ராக்வொர்ட் போன்ற விஷக் களைகள் காய்ந்த பிறகும் விஷம்தான்.

உங்கள் உண்மையான பிரச்சினை தொட்டியின் உயரம். எம்பி இழுக்கும்போது கூளமெல்லாம் நேராகப் பிடரியில் விழுகிறது. முயலால் நக்க முடியாத இடம் அது, அதனால் அங்கேயே தங்கிச் சிடுக்காகிறது. தொட்டியைத் தாழ்த்துங்கள். 3 கிலோ முயலுக்குப் புல்லை இழுக்கும் திறப்பு தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும். தொட்டி கூண்டுக்கு வெளியே நிற்க, முயல் கம்பி வழியாக முன்னோக்கி இழுத்துத் தின்னும்படி வையுங்கள். கம்பி இடைவெளி 3 செ.மீ. போதும், தலை நுழைகிற அளவு வேண்டாம். அடியில் ஒரு தட்டு வைத்தால் கூளம் அதில் விழும், தினமும் கொட்டிவிடலாம். குட்டி லயன்ஹெட்டுக்குத் திறப்பு 8 செ.மீ. உயரத்தில் தனியாக இருக்கட்டும். கயிற்று வலைப்பை எந்த முயலுக்கும் வேண்டாம், கால் மாட்டும்.

மலப்பெட்டியிலேயே புல்லைக் குவிப்பது குட்டைமுடி முயலுக்கு நல்ல வழி. நீளமுடி அதில் உட்கார்ந்தால் வயிற்று முடி முழுக்கப் புல்லாகிவிடும். பெட்டியில் காகிதக் குறுணை, மேலே சல்லடைத் தட்டு, பெட்டியின் பக்கவாட்டில் தொட்டி என்று வையுங்கள். மரச்சீவலும் நறுக்கிய வைக்கோலும் படுக்கைக்குக் கூடாது.

ஏற்கெனவே ஏறிய கூளத்துக்கு: சூடில்லாத காற்று ஊதியால் முடியைப் பிளந்து ஊதுங்கள், பாதி பறந்துவிடும். மிச்சத்தை விரலால். கடைசியில் அகலப்பல் சீப்பு. சிடுக்கைத் தோலோடு சேர்த்து இழுக்கக் கூடாது, முயல் தோல் காகிதம் போலக் கிழியும். குளிப்பாட்டவும் வேண்டாம், நனைந்த சிடுக்கு கம்பளமாக இறுகிவிடும். முடியைச் சேர்த்து நூற்கும் எண்ணம் இல்லையென்றால் எல்லா இடத்திலும் 2, 3 செ.மீ.க்கு வெட்டிவிடுங்கள். விழுங்கும் முடியின் நீளமும் அதோடு குறையும், இப்போது அதுதான் முக்கியம்.

பஞ்சுப்பொதி கேட்டது:

மிக்க நன்றி, இருவருக்கும். புழுக்கையை நசுக்கிப் பார்த்தேன், மெழுகு போலத்தான் இருக்கிறது. முடியை நாளை வெட்டிவிடுகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். எத்தனை கிராம் புல் வைப்பது? புரதம் பற்றி விற்பவர் சொன்னது முழுத் தவறா? சின்னது திமோத்தியை முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது, குதிரைமசால் இலையை மட்டும் பொறுக்குகிறது. அதை எப்படிப் பழக்குவது?

தீவனக்கணக்கு எழுதியது:

விற்பவர் சொன்னதில் பாதி சரி. அங்கோராவுக்குப் புரதத் தேவை மற்ற முயல்களைவிடக் கூடுதல்தான். முடி என்பது கெரட்டின், அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களான மெத்தியோனினும் சிஸ்டினும் வேண்டும். ஆனால் பயறு இனங்களில் குறைவாக இருப்பதே மெத்தியோனின். அதனால் முடிக்காகக் குதிரைமசாலைக் குவிப்பதில் பலன் கொஞ்சம், சுண்ணாம்புத் தொல்லை அதிகம். முடிக்கு வேண்டியதைப் பெல்லட் கொடுக்கட்டும், புரதம் 16, 17% உள்ளதாக, குடலுக்கு வேண்டியதைப் புல் கொடுக்கட்டும். முடி வெட்டியபின் முதல் மூன்று நான்கு வாரம் உடம்புச் சூட்டைக் காக்கவும் புது முடிக்கும் தீனி கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அப்போது பெல்லட் 80 கிராம், மற்ற நாட்களில் 60. இதற்கு மேல் வேண்டாம். ஆனால் 120லிருந்து ஒரேயடியாக இறங்காதீர்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை 10 கிராம் வீதம் குறையுங்கள்.

புல் கணக்கு: முயல் ஒரு நாளில் தின்னும் மொத்த உலர் தீவனம் உடல் எடையில் தோராயமாக 4 முதல் 5%. 3.2 கிலோவுக்கு 130 முதல் 160 கிராம். பெல்லட் 60 போனால் புல் 70 முதல் 100 கிராம் உள்ளே போக வேண்டும். இழுத்துச் சிந்துவதையும் சேர்த்து 150 கிராம் வையுங்கள். காலையில் 60, மாலையில் 90, ஏனென்றால் முயல் அதிகம் தின்பது அந்தியிலும் இரவிலும். சின்னதுக்கு 70 கிராம் வைத்தால் போதும். தொட்டி காலியாக ஒரு மணி நேரம்கூட இருக்கக் கூடாது. மிச்சத்தைத் தட்டில் எடுத்து எடை பாருங்கள். ஒரு வாரம் எழுதி வைத்தாலே, எந்த நாளில் தீனி குறைகிறது என்பது புழுக்கை குறைவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சின்னதுக்கு 5 மாதம் என்பதால் அவசரம் இல்லை, 7 மாதத்துக்குள் முழுக்க மாறினால் போதும். வைக்கும் புல்லில் நாலில் ஒரு பங்கு திமோத்தி என்று தொடங்குங்கள். ஐந்து, ஆறு நாளைக்கு ஒருமுறை இன்னொரு கால் பங்கு. மேலும் கீழுமாக அடுக்கினால் பொறுக்கிவிடும், இரண்டையும் சேர்த்து முறுக்கிக் கத்தையாகத் திணியுங்கள். புதுப் புல்லை இரண்டு நாள் குதிரைமசால் பையிலேயே போட்டு வைத்தால் வாசனை ஏறும். காலையில் புல் மட்டும், பெல்லட்டை மாலைக்குத் தள்ளுங்கள். இதற்கு மூன்றாம் அறுப்பில் தொடங்கி இரண்டாம் அறுப்புக்குப் போனாலும் தப்பில்லை. பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போட மட்டும் வேண்டாம், முயல் குடல் ஓய்வெடுத்தாலே ஆபத்து. மூன்று நாளைக்கு ஒருமுறை சமையல் தராசில் எடை போடுங்கள். 1.1 கிலோவில் 50 கிராம் குறைந்தால் முந்தைய கலவைக்குத் திரும்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறுங்கள்.

முயல் நன்றாகத் தின்னத் தொடங்கிய பிறகும் ஒதுக்கிய தாளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இலையைத் தின்று தாளை விடுவது ஆரம்பத்தில் சகஜம். மென்று மென்று எச்சிலோடு துப்பிய தாள் கிடந்தால், மோவாய் நனைந்திருந்தால், அது ருசிப் பிரச்சினை இல்லை, கடைவாய்ப் பல்லைக் காட்ட வேண்டும்.

தண்ணீரின் அளவை யாரும் சொல்லவில்லை. புல் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும், ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 150 மி.லி. குப்பியைவிடக் கிண்ணத்தில் முயல் அதிகம் குடிக்கும். மோவாய் முடி நனையாமலிருக்கக் கனமான, வாய் குறுகிய பீங்கான் கிண்ணம் வையுங்கள்.

புல்கட்டு எழுதியது:

ஆர்ச்சர்ட் பற்றிச் சிடுக்குசீப்பு சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், முகம் முழுக்க முடியுள்ள இனத்துக்கு அது மேல். லயன்ஹெட்டுக்கு முடி பிடரியில்தான் என்பதால் அதற்குத் திமோத்தியே இருக்கட்டும். இரண்டையும் கலந்து வைத்தால் ஒரு வகை தட்டுப்படும்போது முயல் முரண்டு பிடிக்காது.

பையைத் திறந்ததும் முகருங்கள். நல்ல புல் இனிப்பான பச்சை வாசம் வீசும். புழுங்கல் நாற்றமோ கருகிய சர்க்கரை வாசமோ அடித்தால், ஈரத்தோடு கட்டிச் சூடேறிய புல். ஈரப்பதம் 15%க்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு தாளை மடக்கினால் நொறுங்காமல் வளைந்து, பிறகு முறிய வேண்டும். துவண்டு சுருண்டால் ஈரம். வெள்ளையோ சாம்பலோ பூத்தது தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்று நினைக்காதீர்கள், கட்டு முழுவதையும் கொட்டிவிடுங்கள். வெயிலில் வெளுத்துப்போனதில் வைட்டமின் ஏ ஆகும் கரோட்டின் போயிருக்கும், நார் இருக்கும். அடி இலை சில பழுப்பாக இருப்பது பிரச்சினை இல்லை. மஞ்சளாக, உள்ளே குழலாக, வாசமே இல்லாமல் இருந்தால் அது வைக்கோல். எந்த பெயரில் விற்றாலும் தீனிக்கு ஆகாது.

வீட்டில் பிளாஸ்டிக் பையை இறுக்கக் கட்டி வைக்காதீர்கள். துணிப்பை அல்லது ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, தரையிலிருந்து உயர்த்தி, வெயில் படாத இடத்தில். பூச்சி, சிற்றுண்ணி சந்தேகம் இருந்தால் சிறு பொட்டலங்களாக உறைபெட்டியில் மூன்று நாள் வைத்து, வெளியே எடுத்ததும் பரப்பி ஈரம் போக உலர்த்திவிட்டுப் போடலாம்.

திமோத்தி, ஆர்ச்சர்ட் இரண்டுமே கிடைக்காத இடத்தில் அருகம்புல்லை உலர்த்திக் கொடுக்கலாம். மருந்து அடிக்காத இடத்துப் புல், பூக்கும் முன் கையால் அறுத்தது. 3, 4 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் நிழலில் பரப்பி, நாளுக்கு மூன்று முறை புரட்டினால் மூன்று நாலு நாளில் காயும். புல்வெட்டும் எந்திரம் நசுக்கிய புல் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும், அதை முயலுக்கு எந்த நிலையிலும் போடக் கூடாது.

கோத்த புழுக்கை நிற்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வெட்டுவதற்கு முன் விழுங்கிய முடி முழுக்க வெளியே வர வேண்டும் இல்லையா. அதற்குள் புழுக்கை பெரிதாகி நிறம் வெளுத்துக்கொண்டே வந்தால் சரியாகப் போகிறது. பத்து நாளுக்குப் பிறகும் கோத்து வந்தால், அல்லது இடையில் ஒரு வேளை பெல்லட்டைத் திரும்பிப் பார்க்காமல் விட்டால், மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். போகும்போது அன்றைய புழுக்கையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள்.